ஆல்டோ வரிசைக்கு ஒரு நாற்காலி

நான் வேலை பார்த்த துறையின் கொள்முதல் கையேட்டில், முதல் அத்தியாயத்திலேயே ஒரு விதி உண்டு. பயன்படுத்தப் போகிறவர் எழுத்தில் கேட்காத எந்தப் பொருளும் வாங்கப்படவோ செய்யப்படவோ கூடாது. என்ன வேண்டும், எந்த அளவில் வேண்டும், எதற்கு வேண்டும் என்று எழுதி அவர் கையொப்பமிட வேண்டும். அந்தத் தாளுக்கு இன்டென்ட் என்று பெயர். இன்டென்ட் இல்லாத கோப்புகளை முப்பத்துநான்கு வருடம் நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு மேலதிகாரியின் மேசைக்கு வாங்கிய கண்ணாடிப் பலகையையே திருப்பி அனுப்பினேன். அவர் அந்த வருடம் என்னைப் பற்றி ரகசிய அறிக்கையில் என்ன எழுதினார் என்பது இங்கே தேவையில்லை.

என் மனைவிக்காக நான் செய்த நாற்காலிக்கு இந்த விதியைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வீடு அலுவலகம் அல்ல என்று நினைத்துவிட்டேன்.

அவள் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் ஆல்டோ பாடுகிறாள். பெண் குரல்களில் தாழ்ந்த பகுதி அது. மெட்டு எப்போதும் முன்வரிசைக்குப் போய்விடும்; ஆல்டோவுக்குக் கிடைப்பது அதன் அடியில் ஓடும் வேறொரு சுரம். "மெட்டு பாடறவங்களை எல்லாருக்கும் கேக்கும். நாங்க நிறுத்தினாத்தான் நாங்க இருந்ததே தெரியும்" என்பாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய வருடத்திலிருந்து அந்த வரிசையில் இருக்கிறாள்.

சென்ற பிப்ரவரியில் அவளுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தது. மே மாதம் பாடகர் குழுவுக்குத் திரும்பினாள். ஓர் ஆராதனையில் பாடகர் குழு பதினான்கு முறை எழுந்து உட்காரும். எண்ணிப் பார்த்தவன் நான். ஆல்டோ பெஞ்சு தாழ்வானது, கைப்பிடி இல்லாதது. ஒவ்வொரு முறையும் இடப்பக்கத்து அம்மாளும் வலப்பக்கத்து அம்மாளும் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வலப்பக்கத்து அம்மாள் சபைக் கமிட்டிச் செயலாளரின் மனைவி, குழுவிலேயே குள்ளமானவர். அவர் தூக்கும்போது அவரே கொஞ்சம் கீழே போவார்.

"சாக்கு மூட்டையை லாரில ஏத்தற மாதிரி இருக்கு" என்றாள் என் மனைவி, வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. "கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள தானா எழுந்திரிக்க முடியலைன்னா குழுவிலேருந்து பேரை எடுத்துட்டு கீழே ஜனங்களோட உக்காந்துக்கறேன்."

பரீட்சைத் தேதி சொல்லும் குரல் அது. ஒத்திவைக்கப்படாது.

சபைக்கூடத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆனால் பீடத்துக்கு அருகில் பிளாஸ்டிக் வைக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் இருக்கிறது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தது யார் என்று கேட்டால், நான்தான். ஆகவே கைப்பிடி வைத்த மர நாற்காலி ஒன்றை நானே செய்து சபைக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். அன்பளிப்புக்குக் கமிட்டியின் அனுமதி வேண்டும். ஜூன் முதல் ஞாயிறன்று விண்ணப்பத்தை மூன்று படிகளில் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஒரு நாற்காலிதானே பிரதர், வாயால சொன்னாப் போதாதா? வெச்சுக்கங்கன்னு இப்பவே சொல்லிடுவேனே."

"வாயால கேட்டா வாயாலதான் பதில் வரும்" என்றேன். "எனக்கு எழுத்துல வேணும். ஒரு படியில பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரி பிரதர். எழுத்துலயே வரும்."

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் எங்களுக்கு ஒதுக்கிய கார் நிறுத்துமிடத்தில் கார் இல்லை. அங்கே பட்டறை போட்டேன். எனக்கு மரவேலை தெரியாது. ஆனால் தெரியாததை முறைப்படி கற்க எனக்குத் தெரியும். பத்து நாள் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தேன். நல்ல மரவேலைக்கு முதலில் நல்ல வேலைமேசை வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த நல்ல மேசையை எந்த மேசையின் மேல் வைத்துச் செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஜூன் கடைசியும் ஜூலை முழுவதும் மேசைக்கே போயிற்று. அது இப்போதும் உறுதியாக நிற்கிறது. அடுக்ககத்துப் பிள்ளைகள் அதன்மேல் கேரம் ஆடுகிறார்கள்.

அடுத்தது கூர். உளியின் பின்பக்கம் முகம் பார்க்கும் அளவுக்கு மின்ன வேண்டும், அப்போதுதான் அது உளி என்பது வீடியோக்காரர்களின் வேதம். அதற்கு மூன்று தரத்தில் சாணைக்கற்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். தேய்க்குமுன் அவற்றைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். ஒரு நாள் என் மனைவி இட்லிக்கு அரிசி ஊறவைத்த பாத்திரத்துக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுத்தாள். நான் பாத்திரம் மாறிப் போட்டுவிட்டேன். "இதையும் சேத்து அரைக்கணுமா, இல்லை தனியா வேகவைக்கணுமா?" என்று கேட்டாள்.

கூரைச் சோதிக்க முன்கை முடியைச் சிரைத்துப் பார்ப்பது முறை. ஆகஸ்டில் என் இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழவழவென்று ஆகிவிட்டது.

"நாற்காலி வரலை" என்றாள் அவள். "கை மட்டும் பச்சைப் பிள்ளை கை மாதிரி வந்திருக்கு."

கனமான பலகைகளை அறுக்க இயந்திரம் வேண்டியிருந்ததால் ஒரு தச்சரை வரவழைத்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேற்கே பட்டறை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் வீட்டு அலமாரிகள் அவர் செய்தவை. அவர் என் உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இன்னா சார் இது, மூஞ்சி தெரியுது?"

"அப்படித்தான் இருக்கணும்."

"உளிய வெச்சு மரத்த வெட்டப் போறியா, தலை சீவப் போறியா?"

அவருடைய உளி அரைவேக்காட்டுக் கூர்தான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தேக்குத் துண்டில் துளை எடுத்தோம். முதல் துளையில் என்னுடையது வெண்ணெயில் போவது போலப் போயிற்று. தேக்கில் இயற்கையாகவே நுண்மணல் கலந்திருக்கிறது. மூன்றாவது துளையில் என் உளியின் கண்ணாடிக் கூர் மங்கி, நானும் அவரும் சமமானோம். வித்தியாசம் என்னவென்றால் அவர் உளியைச் சுவரோரக் கல்லில் நான்கு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த துளைக்குப் போனார். நான் கற்களை ஊறவைக்கப் போனேன்.

இதனால் அவர் சொன்னதெல்லாம் சரி என்று யாரும் நினைக்க வேண்டாம். அவருடைய மூடநம்பிக்கைகள் என்னுடையவற்றைவிட வயதில் மூத்தவை, அவ்வளவுதான். பர்மா தேக்கைத் தவிர மற்றதெல்லாம் விறகு என்பார். அமாவாசையில் வெட்டிய மரத்தில் வண்டு விழாது என்பார். எல்லாவற்றுக்கும் மேல், மரத்தை விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டே அது எந்த மரம், எத்தனை வருட மரம் என்று சொல்லிவிடுவாராம்.

நான் ஆய்வுப் பிரிவிலும் இருந்தவன். மூன்று துண்டுகளைத் துணியால் மூடி, எண் எழுதி வைத்தேன். அவர் ஒன்றைத் தட்டினார், கண்ணை மூடினார், மறுபடி தட்டித் தலையசைத்தார்.

"சுத்தமான பர்மா. அம்பது வருசம்."

துணியை எடுத்தேன். மாமரம். போன வருடப் புயலில் அடுக்ககத்து வாசலில் விழுந்தது.

அவர் அதையும் என்னையும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பி இரைந்துகொண்டு போயிற்று. "ஏரோப்ளேன் சத்தத்துல எப்டி சார் கேக்கும்?" என்றார். விமானம் அவர் தட்டியதற்குப் பிறகுதான் வந்தது என்பதை நான் பதிவு செய்துகொண்டேன்.

ஆனாலும் மரம் பர்மா தேக்குதான் வாங்கினோம். இடித்த வீட்டு உத்திரம் என்று மரக்கடையில் சொன்னார்கள். அவர் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார். மாமரத்தைத் தட்டியபோதும் இப்படித்தான் தலையசைத்தார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் எனக்குத் திருப்தியாக இருந்தது. நம்பிக்கை என்பது சோதித்தபிறகும் மிஞ்சுவது போலும்.

ஆணி, ஸ்க்ரூ எதுவும் இல்லாமல் செய்வது என்பது என் தரப்புப் பிடிவாதம். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்கேற்ற நாக்கு, இரண்டும் காகிதம் நுழையாமல் பொருந்த வேண்டும். இரும்பு தொட்டால் மரவேலைக்கு இழுக்கு என்று படித்திருந்தேன். மொத்தம் பதினெட்டு இணைப்புகள். செப்டம்பரும் அக்டோபரும் அதிலேயே கழிந்தன. இரண்டு முறை துளை பெரிதாகிவிட்டது, ஒரு முறை நாக்கு சின்னதாகிவிட்டது.

"ஸ்க்ரூ இன்னா சார் பாவம் பண்ணுச்சு உனுக்கு?" என்றார் தச்சர். "நாலு போட்டா சாயங்காலம் அம்மா உக்காந்துடும்."

"நூறு வருஷம் நிக்கணும்."

"அம்மாவுக்கு நூறு வருசம் கழிச்சா வேணும்? டிசம்பர்ல தான வேணும்?"

விதிமுறைப்படி நடப்பவர்களிடம் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்கக் கூடாது.

இதற்கிடையில் கமிட்டிக்கு இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போதெல்லாம் செயலாளர் என் கையைக் குலுக்கி, "பரிசீலனையில இருக்கு பிரதர்" என்றார். நான் பணியிலிருந்தபோது எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம். எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்பது அதுவே முதல் முறை. அதற்குள் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டிருந்தது. அவள் இன்னும் பதினான்கு முறை தூக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். நவம்பர் இரண்டாம் ஞாயிறு, ஒரு பாட்டுக்கு அவள் எழாமலே உட்கார்ந்து பாடியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் நேரே பட்டறைக்குப் போனேன்.

நவம்பர் கடைசியில் நாற்காலி முடிந்தது. எண்ணெய் பூசி, துணியால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி பூசி, ஆறு முறை. அது அழகாக இருந்தது என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை. இணைப்புகளில் காகிதம் நுழையவில்லை. தச்சரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்க மேலே தூக்கி வந்து கூடத்தில் வைத்தோம். உட்காரும் உயரம் சரியாகப் பதினெட்டு அங்குலம். எங்கள் துறையின் அளவுப் புத்தகத்தில் நாற்காலிக்கு அதுதான் உயரம்.

அவள் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். கைப்பிடியைத் தடவினாள்.

"ரொம்ப அழகா இருக்குங்க."

"எழுந்திரு பாக்கலாம்."

முன்னால் சாய்ந்தாள். பின்னால் வந்தாள். மறுபடி முன்னால் சாய்ந்து கைப்பிடியை அழுத்தினாள். நாற்காலி முனகக்கூட இல்லை, அவ்வளவு உறுதி.

"என்ன, எழுந்திரிக்கலையா?"

"அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கேன்."

மூன்றாவது முயற்சிக்குப் பிறகு தச்சர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அக்குளில் கை கொடுத்தோம்.

நின்றபிறகு அவள் சொன்னாள்: "கை இருக்கறது நல்லதுதான். ஆனா தாழ்வா இருக்கே. முழங்காலை இவ்வளவு மடக்கினா எழுந்திரிக்க வராது."

"எவ்வளவு உயரம் வேணும்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கட்டில்லேருந்து தினமும் நானாத்தானே எழுந்திரிக்கறேன். அது உயரம். அதுவுமில்லாம, ஆஸ்பத்திரில பயிற்சி கொடுத்த பொண்ணு எழுதியே கொடுத்தாளே. என்கிட்டகூடக் கையெழுத்து வாங்கினா. நீங்கதான் வாங்கி ஃபைல்ல போட்டீங்க."

ஃபைலை எடுத்தேன். அறுவை சம்பந்தமான எல்லாத் தாள்களையும் தேதி வாரியாக அடுக்கி, துளையிட்டு, கயிறு கோர்த்து வைத்திருந்தேன். ஏழாம் பக்கம்: உட்காரும் இடம் வழக்கமான நாற்காலியைவிட மூன்று அங்குலமாவது உயரமாக இருக்க வேண்டும், தாழ்ந்த இருக்கைகளைத் தவிர்க்கவும். எதற்கு வேண்டும், எந்த அளவில் வேண்டும், எல்லாம் இருந்தது. கீழே பயன்படுத்துபவரின் கையொப்பம். வலது மூலையில் சிவப்பு மையில் பக்க எண், என் கையெழுத்தில். அதன் கீழே 'பார்த்தேன்' என்று என் சுருக்கொப்பம்.

முப்பத்துநான்கு வருடத்தில் இவ்வளவு முழுமையான இன்டென்ட் ஒன்றை நான் கண்டதில்லை.

தச்சர் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று என் மனைவி சொன்னதும் சிரிப்பை அடக்க முயன்று தோற்றார். "ஒசரமா இருந்தா அறுத்துத் தரலாம். வளக்குறதுக்கு இது இன்னா செடியா சார்?"

"கேரலுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு" என்றேன். புதிதாகக் கால் செய்து, துளை எடுத்து, நாக்கு செதுக்கி, என்று மனதில் கணக்குப் போட்டேன். மார்ச் வந்தது.

என் மனைவி சோபாவின் கைப்பிடியில், உயரமான இடத்தில், சாய்ந்து உட்கார்ந்தாள். "நாற்காலி எதுக்கு? அந்த பெஞ்சு காலுக்கு அடியில ஏதாவது கட்டை வெச்சா ஆகாதா?"

ஆறு மாதத்தில் இரண்டு நிபுணர்களுக்கு அது தோன்றவில்லை.

"ஆவும்" என்றார் தச்சர், கொஞ்சம் வருத்தத்துடன்.

"ஆலயத்து மரச்சாமான்ல மாற்றம் செய்யக் கமிட்டியோட எழுத்து அனுமதி வேணும்" என்றேன்.

"கொடுங்க விண்ணப்பம். ஈஸ்டருக்குப் பதில் வந்துடும். எந்த வருஷத்து ஈஸ்டர்னு மட்டும் மறக்காமக் கேட்டுக்குங்க."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். போகும்போது கைத்தடியை எடுக்க மறந்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். நான் விண்ணப்பம் எழுதவில்லை.

தச்சர் தன் பட்டறை மூலையிலிருந்து வாசக்காலில் மிஞ்சிய வேப்பங்கட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். பெஞ்சு எங்கள் கட்டில் உயரத்துக்கு வரும்படி அதை நான்காக அறுத்தார். பெஞ்சின் கால் வழுக்காமல் உட்கார ஒவ்வொன்றின் தலையிலும் சிறு பள்ளம் எடுத்தேன், முகம் தெரியும் என் உளியால். அடியில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினோம். ரப்பர் பிடிமானத்துக்கு அவர் இரண்டிரண்டு ஸ்க்ரூ போட்டார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம்.

சனிக்கிழமை பிற்பகல், பாடகர் குழு ஒத்திகைக்கு வருவதற்கு முன், தச்சரும் நானும் ஆலயத்துக்குப் போனோம். பூ அலங்காரம் செய்யும் பெண்கள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெஞ்சைத் தூக்கினார், நான் கட்டையைத் தள்ளினேன். நான்கு தடவை. அனுமதியில்லாமல் நான் செய்த முதல் காரியம் அது.

ஒத்திகையில் செயலாளரின் மனைவி உட்கார்ந்ததும், "என்ன இது, எனக்குக் கால் தரையிலயே படலை!" என்று குரல் கொடுத்தார். பிறகு முதல் பாட்டுக்கு எழுந்தார். உட்கார்ந்தார். இன்னொரு முறை, பாட்டு இல்லாமலே, எழுந்து பார்த்தார். அந்த வரிசையில் நான்கு பேர். நால்வருக்கும் அறுபதுக்கு மேல். நால்வருக்கும் முழங்கால் உண்டு. "யாரும் இதைத் தொடாதீங்க" என்றார் அந்த அம்மாள்.

கேரல் ஆராதனையில் நான் வழக்கம்போல் எண்ணினேன். பதினெட்டு முறை. ஒவ்வொரு முறையும் அவள் தொடைமேல் இரண்டு கையையும் ஊன்றி, தானாக எழுந்தாள். இடப்பக்கமும் வலப்பக்கமும் பழக்கத்தில் நீண்ட கைகள் நடுவழியில் நின்று, பாட்டுப் புத்தகத்துக்குத் திரும்பின. ஒரு பாட்டின் நடுவில் மெட்டுப் பாடும் வரிசை மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஆல்டோ மட்டும் தனியாகக் கேட்டது. அங்கே எண்ணிக்கையை விட்டுவிட்டேன். பிறகு அவளிடம் கேட்டுத்தான் பதினெட்டு என்று எழுதிக்கொண்டேன்.

அவள் குழுவிலிருந்து பேரை எடுக்கவில்லை. நாற்காலி எங்கள் கூடத்தில் இருக்கிறது. இஸ்திரி போட்ட துணிகள் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அவை எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் செயலாளர், ஞாயிறுதோறும் என் கையைக் குலுக்குபவர், கமிட்டியின் பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பினார். இரண்டு பத்திகள். முதலாவது: கைப்பிடி வைத்த மர நாற்காலியை அன்பளிப்பாக ஏற்கக் கமிட்டி மகிழ்ச்சியுடன் அனுமதிக்கிறது, ஆனால் ஒரே சீராக இருக்கும்பொருட்டு அதன் உயரம் ஆல்டோ பெஞ்சின் தற்போதைய உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டாவது: மேற்படி பெஞ்சின் கால்களுக்கு அடியில் அனுமதி பெறாத நான்கு மரக்கட்டைகள் காணப்படுகின்றன, மரவேலை அறிந்த உறுப்பினர் என்ற முறையில் தாங்களே இதை விசாரித்து, அவசரம் ஏதுமின்றி, எழுத்துமூலம் அறிக்கை அளிக்க வேண்டும். விசாரணை முடியும்வரை கட்டைகளை யாரும் அகற்றக் கூடாது.

நான் அதை இரண்டு முறை முழுதாகப் படித்தேன். பிறகு என் மனைவியிடம் கொடுத்து அவளையும் படிக்கச் சொன்னேன். அதன்பிறகே பக்க எண் இட்டு, சுருக்கொப்பமிட்டு, மூலையில் எழுதினேன்: பெறப்பட்டது, 9 ஜனவரி, வெள்ளிக்கிழமை.